குதிரைக்குப் பின்னால் ஒரு ஊர்

அட்டைப்பெட்டியும் பசையும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு மணம் கதவைத் தாண்டி முதலில் உள்ளே வரும், அதற்குப் பிறகுதான் அப்பா வருவார். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த பதினோராம் மாடி வீட்டில் எனக்கு மாலை ஆகிவிட்டது என்று சொன்னது மணிக்கூடு அல்ல, அந்த மணம்தான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றை நடத்திய அப்பாவுக்கு, ரொறொன்ரோவில் கிடைத்தது படங்களுக்குச் சட்டமடித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு பண்டகசாலையில் பொதிகட்டும் வேலை. பூச்சாடிப் படங்களும் பாய்க்கப்பல் படங்களுமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அவர் கையால் போகும். எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் மளிகைக் கடைக்காரர் இலவசமாகத் தந்த கலண்டரைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பங்குனியில் ஒருநாள் அவர் வழமையைவிடப் பிந்தி, தன் நெஞ்சளவு உயரமான ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி வெடித்ததால் விற்க முடியாமற் போன படம். மேற்பார்வையாளர் "கொண்டு போ" என்று சொல்லிவிட்டார். பேருந்தில் இரண்டு பேருக்கு இடைஞ்சல் கொடுத்து அதைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வெடித்த கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, "செற்றி"க்கு மேலே, நாங்கள் செற்றி என்று சொன்ன அந்தப் பழைய சோபாவுக்கு மேலே, இரண்டு ஆணி அடித்து மாட்டினார்.

"வீடெண்டால் சுவரிலை ஒரு படம் இருக்கோணும். வாற சனம் பார்க்கோணும்" என்றார்.

படத்தில் ஒரு தளபதி இருந்தார். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்ற வெள்ளைக் குதிரையின்மேல், கறுத்த இரும்புக் கவசத்துக்குக் குறுக்கே சிவப்புப் பட்டியும், கையில் ஒரு குறுந்தடியுமாக அமர்ந்திருந்தார். குதிரை அவ்வளவு வெருண்டு நின்றும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே, கட்டைவிரல் அளவில், மதில் சூழ்ந்த ஒரு ஊர் தெரிந்தது. அதிலிருந்து எழுந்த புகை மேலே போய் அந்திமேகத்தோடு கலந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குதிரையைத்தான் புகழ்ந்தார்கள். "ஆர் உந்த ராசா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "ராசா இல்லை, தளபதி. முந்நூறு, முந்நூற்றைம்பது வரியத்துக்கு முந்தின ஆள்" என்று, ஏதோ தன் தாய்வழி உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல விளக்கம் கொடுப்பார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த மனிதரின் பெயர் போதிய இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரோடு "வெளிக்கிட்டது". இராணுவம் நெருங்கி வர, தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு, மழைக்குள் ஒரே தெருவால் எல்லோரும் நடந்தார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அந்தச் சனத்துக்குள் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். இளையவள் தர்சினி என்னைவிட ஒரு வயது குறைந்தவள். எனக்கு அப்போது பதினொன்று. அவர்களோடு பேசத் தொலைபேசி வழி ஏதும் இல்லை. கொழும்பில் இருந்த ஒரு உறவினருக்கு அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக் கேட்பார், "இன்னும் ஒண்டும் தெரியேல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வைப்பார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்த அம்மா, அங்கே நூறு பேருக்குக் காய் வெட்டிப்போட்டு வந்து, எங்களுக்கும் சமைத்துப்போட்டு, தான் மட்டும் தேத்தண்ணீரோடு இருந்துவிடுவார். அவர் அழுது நான் காணவில்லை. சாப்பிடாமல் இருந்ததைத்தான் கண்டேன்.

அந்த வாரங்களில்தான் வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள்: உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் வெள்ளிக் கரண்டியும் தாத்தாவின் பதக்கமும் இருந்தன. எங்களிடம் இருந்தவர் தளபதி. நான் அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை கென்னடி வீதிப் பக்கமாக நடந்து நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் வீட்டுக்குக் கொண்டுபோக விடாத பெரிய புத்தகமொன்றை எடுத்துத் தந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரே மனிதர் நாலு விதமாக இருந்தார். எங்கள் வீட்டுப் படம் ஒன்று. அது அவரே கூலி கொடுத்து வரைவித்தது என்று எழுதியிருந்தது. ஒரு வெள்ளிப் பதக்கத்தில் சுருண்ட முடியோடு இளைஞராக, உரோம மன்னரைப்போல இருந்தார். எதிரிகள் அச்சடித்துச் சந்தையில் விற்ற மலிவுத் தாளொன்றில் ஓநாய்ப் பல்லும் பானை வயிறுமாக, ஒரு தேவாலயத்தைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். நாலாவது, பெயர் தெரியாத யாரோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம். அந்த மதில் சூழ்ந்த ஊர் பிடிபட்ட நாளைக் காட்டியது. அதில் தளபதியைத் தேடவேண்டியிருந்தது. தொலைவில் ஒரு மேட்டில், எறும்பளவில், குதிரைமேல் இருந்தார். முன்னால் பெரிதாக இருந்தது, ஊரின் வாசலால் வெளியே வந்துகொண்டிருந்த சனம்.

நாலையும் "போட்டோக்கொப்பி" எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தேன். வேலையால் வந்த அம்மா, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், நாலாவதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உது எங்கை?" என்று கேட்டார்.

"அப்பாவின்ரை படத்திலை பின்னாலை இருக்கிற ஊர்தான் அம்மா. அதே நாள்தான்."

அம்மா தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். தள்ளுவண்டியில் கிழவரை ஏற்றித் தள்ளியவனையும், கோழியைத் தலைகீழாகத் தூக்கிவந்த பெடியனையும் விரலால் தொட்டுத் தொட்டுப் போனவர், ஒரு பெண்ணிடம் வந்து நின்றுவிட்டார். அவளுடைய இரண்டு கையிலும் மூட்டை. பக்கத்தில் ஒரு சிறுமி.

"பார், தாய்க்குக் கை இல்லை. பிள்ளை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நடக்குது. இந்த நெரிசலுக்கை சட்டை கையைவிட்டு நழுவிட்டுதெண்டால்?" என்றார். பிறகு, "உவையெல்லாம் பேந்து எங்கை போனவை? புத்தகத்திலை கிடக்கோ?"

"வாசிக்கேல்லை அம்மா."

"அப்ப போய் வாசிச்சுக்கொண்டு வா."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அம்மா அப்பாவிடம் படத்தைக் கழற்றச் சொன்னார். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் சுருங்கியது. அவர் இந்த நாட்டில் வீட்டுக்கென்று கொண்டுவந்த ஒரே அழகான பொருள் அது.

"முந்நூறு வரியத்துக்கு முந்தின சண்டை. ஆரோ வெள்ளைக்காரர் தங்களுக்கை பிடிச்ச சண்டை. அதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்றார்.

"ஊர் எரியுது. உந்தாள் அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படம் எடுக்கிற மாதிரி இருக்கிறார்" என்றார் அம்மா. "எட்டு மாசமா நான் அதுக்குக் கீழை இருந்து உடுப்பு மடிச்சிருக்கிறன். கவனிக்கேல்லை. இனி என்னாலை ஏலாது."

அப்பா கையைக் கழுவிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தார். மறுநாள் காலை நான் எழும்பியபோது சுவரில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. படம் செற்றிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க, சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் திரும்பவும் நூலகத்துக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை வாசித்தேன். தளபதியைப் பற்றி எல்லாம் இருந்தது. வேறொரு முற்றுகையில் காலில் குண்டு பட்டது, காய்ச்சலில் படுக்கையிலேயே இறந்தது, உடலை ஒரு தேவாலயத்திலும் இதயத்தை வேறொரு தேவாலயத்திலும் அடக்கம் செய்தது வரைக்கும் இருந்தது. பிடிபட்ட பீரங்கிகளின் தொகை இருந்தது. குதிரையின் பெயர்கூட இருந்தது. ஊர்ச் சனத்துக்கு ஒரே ஒரு வசனம்: சுமக்கக்கூடியதைச் சுமந்துகொண்டு வெளியேற அவர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அடுத்த வசனம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. நான் பின்னட்டை வரை புரட்டினேன். உதவிய அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். அவர் இன்னும் இரண்டு புத்தகம் எடுத்துத் தந்தார்; அவற்றிலும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "இல்லை" என்று எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்:

"பார்த்தனியோ?"

"ஓம் அம்மா" என்றேன். "பக்கத்து ஊர்ச் சனம் அவையைக் கூப்பிட்டு வச்சிருந்தவை. சாப்பாடு குடுத்தவை. சண்டை முடிய எல்லாரும் திரும்பிப் போயிட்டினம்."

"பிள்ளையளும்?"

"பிள்ளையளும்தான்."

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு "அப்ப சரி" என்றார். அன்று மத்தியானம் எங்களோடு மேசையில் இருந்து, சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் அதுவரை சொன்ன பொய்களெல்லாம் அடிக்குப் பயந்து சொன்னவை. இது அப்படி இல்லை என்று தெரிந்தது. ஆனால் வேறு என்ன வகை என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வார்த்தை இருக்கவில்லை.

தை மாதத்தில் சின்னம்மாவின் கடிதம் வந்தது. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், மூன்று பேரும் சுகம், தர்சினி உங்களை எல்லாம் கேட்டாள் என்று இருந்தது. அம்மா அதைப் பத்துத் தரமாவது வாசித்திருப்பார். ஆனியில் இரண்டாவது கடிதம் வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காமல் தர்சினி போய்விட்டாள். அதை அம்மா ஒரு தரம்தான் வாசித்தார்.

இனி அந்தக் கதையை அம்மா எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். நடந்தது வேறு. ஊரிலிருந்து சேதி தெரியாமல் யாராவது எங்கள் வீட்டில் வந்து கலங்கினால், அம்மா தேத்தண்ணீரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வார்: "முந்தி ஐரோப்பாவிலையும் இப்பிடித்தான். ஒரு ஊர்ச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. பக்கத்து ஊரார் வச்சுப் பார்த்தவை. பேந்து எல்லாரும் திரும்பிப் போனவை. என்ரை மகள் புத்தகத்திலை வாசிச்சவள்." வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன். சில வருடங்கள் கழித்துச் சின்னம்மா மூத்த மகனோடு கனடா வந்து சேர்ந்தபோது, அவருக்கும் அம்மா அதையே சொன்னார். சின்னம்மா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்; போகவில்லை. "நல்ல சனம்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கிப் போனபோது, அப்பா படத்தைக் குப்பை அறை வாசலில் சாத்திவிட்டு வந்தார். அடுத்த சுமையோடு கீழே இறங்கும்போது அதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். பண்டகசாலை நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த நூலகக் கிளையில் அப்படியான பெரிய புத்தகங்களை இப்போது வைப்பதில்லை. தளபதியின் நாலு முகத்தையும் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். அப்பா போய் ஒன்பது வருடம், அம்மா போய் மூன்று வருடம். நான் இடைக்கிடை இன்னமும் தேடிப் பார்க்கிறேன். தளபதியைப் பற்றிப் புதிது புதிதாக எழுதுகிறார்கள். அந்தச் சனம் எங்கே போனது என்று யாரும் எழுதவில்லை. அதைக் கேட்டுவர என்னை அனுப்புவதற்கும் இப்போது வீட்டில் ஆளில்லை.