கடைசிப் பக்கத்து விடைகள்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறே இறங்க மாட்டேன் என்கிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிச்சையா நான். தங்கத்தாயைப் பற்றி யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

தங்கத்தாய்க்கு ஊர் வடகரை. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். அவள் ஊசி போட்டால் பிள்ளைகள்கூட அழாது. புருஷன் வேல்ராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். கூடப் படித்தவர்கள் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இவளுக்கும் அந்த ஆசை. குறுக்கே நின்றது இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான். ஆள் எடுக்கிற கம்பெனி முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்காது. அவளுக்கு ஆவணியில் முப்பத்தைந்து முடிகிறது. ஆடி இரண்டாம் வெள்ளிக்குள் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டால் உண்டு, இல்லையென்றால் ஜென்மத்துக்கும் கிடையாது.

அதற்காக, நான் ஜெராக்ஸ் எடுத்து விற்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். வாக்கியத்தில் கோடிட்ட இடம் இருக்கும், பக்கத்தில் ஒரு சொல் இருக்கும். 'டிசைட்' என்று கொடுத்தால் இடத்துக்குத் தக்கபடி 'டிசிஷன்' என்றோ வேறு மாதிரியோ மாற்றி எழுத வேண்டும். பத்துப் பரீட்சை, ஒவ்வொன்றிலும் இருபது கேள்வி. விடையெல்லாம் கடைசிப் பக்கத்தில். இதில் ஏ புத்தகம், பி புத்தகம் என்று இரண்டு உண்டு. இரண்டிலும் சொற்கள் அதே வரிசையில் அதேதான், வாக்கியங்கள்தான் வேறு, அதனால் விடையும் வேறு.

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் கடைப் பேப்பர் நமுத்துப் போகும். பேப்பர் கட்டுக்கு மேலே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத்தான் வைப்போம். அந்தப் புத்தகங்களை எடுத்த அன்றைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து மச்சினன் குடும்பம் குளிக்க வந்திருந்தது. அவசரத்தில் பல்பைப் போடவில்லை. ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், ஐந்து புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் விழவில்லை. திரும்ப எடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? மேஜையில் பி புத்தகத்தின் விடைத்தாள் கிடந்தது. 'சொல்லு எல்லாம் ஒண்ணுதானே, எவன் பாக்கப் போறான்' என்று அதையே சேர்த்துப் பின் அடித்துவிட்டு ஐந்தருவிக்குப் போய்விட்டேன். நன்றாகக் குளித்தேன். வெட்கம் கெட்டவன்!

தங்கத்தாய் சாயங்காலம் வடகரை பஸ் வரும்வரை என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் அடிப்பாள். அடித்ததற்கு அங்கே இருந்த விடையை நோட்டில் பத்துப் பத்துத் தடவை எழுதுவாள்.

"இருபதுக்கு நாலு அண்ணாச்சி. இவ்வளவு மக்கா நானு?"

"போகப் போக வரும்மா" என்றேன். ஒன்றும் வரவில்லை. மூன்று, ஐந்து, மறுபடி மூன்று.

ஆடி பிறந்த அன்று காலையில், அதே புத்தகம் வாங்கியிருந்த கீழப்பாவூர் ஜெயபிரியா வந்து அதை மேஜைமேல் எறிந்தாள். "ஏ புக்குக்கு பி ஆன்சர வச்சிருக்கீரே, ஒமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" அவளுக்குச் சரியான தாளைக் கொடுத்து அனுப்பினேன். அப்போதே தங்கத்தாய் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலமும் அவள் வந்தாள். பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு மாதமாகத் தன் கையாலேயே தன்னை அடித்துக்கொண்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாம் வேறு கடைக்குப் போய்விடுவார்களே என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. வெள்ளியும் போய்விட்டது.

திங்கட்கிழமை புத்தகத்தை என்னிடமே நீட்டினாள். "வேற யாருக்காவது ஆகும், வச்சுக்கிடுங்க. நான் ஃபார்ம் போடல. நாலு மார்க்கு எடுக்கவ பிளேன் ஏறி என்ன செய்ய? மக்கு மக்குதான்." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. விடைத்தாள் மாறிப்போனதைச் சொல்லி, சரியான தாளைக் கையில் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து முதல் பரீட்சையிலிருந்து ஒத்துப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. முதல் பரீட்சையில் பத்தொன்பது சரி. இரண்டாவதில் பதினேழு. அதற்குமேல் பார்க்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்போ நான் மக்கு இல்லையா அண்ணாச்சி?"

"இல்லம்மா. நான்தாம்மா பாவி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஒங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலைலதாம்மா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு முந்தித் தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கே ஓடியாந்து சொல்லியிருப்பீகளே. நீங்க என்ன செய்வீக, எல்லாம் என் நேரம்."

வடகரை பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.