தொண்டிக்கு மூன்று மணி நேரம்

பதுளை பசார் தெருவில் தையல்கடை வைத்திருந்த அஸீஸ் பாய்க்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த ஊரைச் சொன்னாலும், ஆகாய விமானத்தில் அங்கே போக எத்தனை மணி நேரமாகும் என்று கணக்குச் சொல்வார். சீமையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு விமானம் இருபத்தெட்டே நாளில் பறந்துபோன செய்தியைப் பத்திரிகையிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டியவன், எதிர்க்கடைக்காரனான நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாளே ஒரு பழைய தேசப்படத்தைச் சுவரில் அடித்து, துணி அளக்கும் நாடாவால் உலகத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். கால்சட்டை தைக்கக் கொடுத்தவர்கள்தான் பாவம், நடையாய் நடந்தார்கள்.

அவர் அடிக்கடி அளந்தது சொந்த ஊரான தொண்டியை. "நேரா இருநூத்தி முப்பத்தஞ்சு மைல். மூணே மணி நேரம்!" என்பார். பண்டாரவளை வரை மாட்டு வண்டி, அப்புறம் ரயில், தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் மறுபடி ரயிலும் வண்டியும் என்று நாலு நாள் ஆகிற பயணம் அது. அவர் மனைவி ஸைனப் கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருஷம். அதற்குப் பிறகு தாயைப் பார்த்ததே இல்லை. "வீட்டுக்காரியை ஒருதடவை ஊருக்குக் கூட்டிப்போகக் காணோம், விமானமாம்!" என்று நான் குத்திக்காட்டுவேன்.

1921 மாசியில் கடிதம் வந்தது. ஸைனபின் அறுபது வயதுத் தாய் படுத்த படுக்கை, மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். அன்றே மூட்டை கட்டினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, புறப்படுகிற நேரத்தில், தந்தி வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். விடியற்காலையில் தாய் இறந்துவிட்டார். அன்றைக்கே பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். தூரத்து மகளுக்காக மையித்தை, இறந்தவர் உடலை, போட்டு வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஸைனபின் அழுகை கேட்கும் என்று நினைத்தேன். பேச்சுத்தான் கேட்டது.

"ஏங்க, விமானத்துல இப்ப ஏறுனா, அஸருக்கு முன்னாடி போயிரலாந்தானே?"

அஸீஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கெல்லாம் போயிரலாம், ஸைனபு."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க."

அவர் திரையோரமாகத் தரையில் உட்கார்ந்தார். எனக்கும் எழுந்துபோக மனம் வரவில்லை. வெளியே மலையிலிருந்து மூடுபனி இறங்கி, தெருவே தெரியாமல் போயிற்று.

அரைமணி கழித்து, "மாத்தளை தாண்டிட்டோம்" என்றார்.

"கீழ என்னங்க தெரியுது?"

"மேகந்தான். நடுவுல பச்சையா ஒரு துண்டு."

பன்னிரண்டு மணிக்கு மேல், "மன்னார் வந்திருச்சு. இனிக் கடலு" என்றார்.

"அலை அடிக்குதா?"

"இல்ல புள்ள. பாய்மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா நிக்கிது."

பொய் சொல்வானேன், எனக்கும் அந்தக் கடல் தெரிந்தது. இந்த மனுஷனையா கேலி செய்தோம் என்று இருந்தது.

மணி ஒன்று அடித்தது. "தொண்டி. உங்க வீட்டு வாசல்தான். எறங்கிப் போ" என்றார். கால்மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மாவப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேங்க" என்றாள் ஸைனப். "தலையில ஒரு முடிகூட நரைக்கல."