ரிஜிஸ்டரில் இல்லாத பதினோரு பேர்

சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற சாலையில் ஒரு கல்லூரிக்கு விடுதி கட்டினார்கள். கட்டடத்தைக் கான்ட்ராக்ட் எடுத்தவர் மதுரைக்காரர். பூச்சு வேலையை மட்டும் அவரிடமிருந்து தேனிக்காரர் ஒருவர் சப்-கான்ட்ராக்டாக எடுத்தார். அவருக்கு ஆள் கொண்டுபோன மேஸ்திரி நான். கொத்தனாரும் சித்தாளுமாகப் பதினோரு பேர். ஒருவர் பெயரும் சைட் ரிஜிஸ்டரில் இல்லை. பெயர் ஏறினால் பி.எஃப். கட்ட வேண்டும். "அடுத்த மாசம் ஏத்திக்கிருவோம்" என்று தேனிக்காரர் சொல்வார். அதையே நான் ஆட்களிடம் சொல்வேன்.

ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"லேபர் ஆபீஸ்ல இருந்து வர்றாகளாம். ரிஜிஸ்டர்ல இல்லாத ஆளுக யாரும் கண்ணுல படக் கூடாது."

பக்கத்தில் திராட்சைத் தோட்டம். எல்லாரையும் பந்தலுக்கடியில் போய் உட்காரச் சொன்னேன். சட்டியையும் கரண்டியையும் போட்டுவிட்டுப் போனார்கள். இது மூன்றாவது தடவை என்பதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒரு சித்தாள் மட்டும் நகரவில்லை. ஒன்பது வருஷமாக என்னோடு வருகிறவள். முந்தின வாரம் சாரத்திலிருந்து இறங்கும்போது கால் பிசகி, வீங்கிய பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள்.

"என்னால வரப்புல நடக்க முடியாதுண்ணே. நான் என்ன களவாண்டா வந்திருக்கேன், ஒளியுறதுக்கு?"

"செத்த நேரந்தான் ஆத்தா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

அதிகாரி ஒரு பெண். நேராக அவளிடம் போய், "நீங்க யார்கிட்ட வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டார். அவள் என்னைக் கைகாட்டினாள். அவளுக்குத் தெரிந்த முதலாளி நான்தான். மதுரைக்காரரை அவள் பார்த்ததே இல்லை.

"உங்க ஆளா?"

பின்னால் நின்ற சூப்பர்வைசர் கண்ணைக் காட்டினார். சாப்பாடு கொண்டுவந்த பெண் என்று சொல்லியிருக்கலாம். போன தடவை ஒருத்தியை அப்படித்தான் சொன்னேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், அலுத்துப்போயிருந்தது.

"என் ஆளுதாம்மா. இன்னும் பத்துப் பேரு அந்தப் பந்தலுக்குள்ள இருக்காக."

தலையில் சருகோடு ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே சூப்பர்வைசரிடம், "சப்-கான்ட்ராக்டர் கட்டலைன்னா மேல இருக்கவங்கதான் பொறுப்பு. உங்க ஓனரை வரச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் தேனிக்காரர் போன் செய்தார். "இனிமே என் வேலைக்கு வராதீக." அவ்வளவுதான். பதினோரு பேரும் வேறொரு மேஸ்திரியின் கீழ் அங்கேயே தொடர்ந்தார்கள். எனக்கு ரெண்டு மூன்று நாள் அவள்மேல் கோபமாகத்தான் இருந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் வீடு கட்டுகிற வேலை கேட்டுப் பஸ் ஏறி இறங்கினேன். ஒன்றும் அமையவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. போனை நீட்டி, "இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்குண்ணே, என்னன்னு பாருங்க" என்றாள். பி.எஃப். கணக்கு எண் வந்திருந்தது. படித்துச் சொன்னேன்.

"உங்களுக்கு வரலையா?"

"என் பேரு எதுலயும் இல்லத்தா."

"நீங்களும் எங்கள மாதிரி வெயில்ல நின்னவருதான? அன்னைக்கு அந்த ஆபீசரம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இருபது வருஷமாக நான் என்னை முதலாளி பக்கத்து ஆளாகவே நினைத்திருக்கிறேன்.

இப்போது போடியில் வேறொருவரிடம் கொத்தனாராக இருக்கிறேன். கரண்டி பிடித்து நாளாகிவிட்டதால் தோள்பட்டை வலிக்கிறது. ரிஜிஸ்டரில் என் பெயரை ஏற்றச் சொல்லி ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தேன், வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார், இன்னும் ஏற்றவில்லை. வருகிற வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு லேபர் ஆபீசுக்கு நானே போக வேண்டும்.