அம்மா பிடுங்கிய புல்

மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் எனக்குத் தோட்ட வேலை. தோட்டம் என்றதும் ரோஜாவும் டேலியாவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் முன்பு இருந்தது. கொச்சியிலிருந்து தோட்டம் வடிவமைக்கிறவர் ஒருவர் வந்து அத்தனையையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக மலைப்புல் வேண்டுமாம். தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மேட்டில் நின்ற புல். குத்துக்குத்தாகத் தூர் கட்டி, இடுப்புயரம் வளர்ந்து, காற்றடித்தால் மொத்தமாக ஒரு பக்கம் சாயும்.

அதை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விதை போட்டால் முளைப்பது அபூர்வம். மழை தொடங்கும்போது பழைய தூரைப் பிரித்து, வேரோடு பையில் வைத்து, நிழல் வலைக்கு அடியில் அடுக்கி, பிடித்த பிறகுதான் சரிவில் நட வேண்டும். நெருக்கி நட்டாலும் கெட்டது, மண்ணை மேலே ஏற்றி மூடினாலும் கெட்டது. சில வருஷம் இதே வேலையாகக் கிடந்தேன். புல் நிறைந்ததும் பாதையோரம் ஒரு பலகை வைத்தார்கள். இவைதான் இந்த மலையின் ஆதிக்குடிகள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் அப்பாவின் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலைக்குக் கூட்டிவரப்பட்டவர். இந்தத் தேயிலையை நட்டதில் அவர் கையும் உண்டு. இன்றைக்கும் பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்றால் எங்களைத் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பார்கள். போடிக்கு இறங்கினால் கேரளாக்காரர்கள் என்பார்கள். எங்களுக்கு யாரும் பலகை வைக்கப்போவதில்லை. அந்தப் பலகையைத் துடைப்பதும் என் வேலைதான் என்பதால் சொல்கிறேன்.

அம்மா பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவள். கொழுந்து உள்ள மாதங்களில் கொழுந்து எடுப்பாள், இல்லாத மாதங்களில் களை எடுப்பாள். களை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள். அவள் ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எஸ்டேட் வீடு, வேலை இருக்கிறவரைக்கும்தான். அவள் பிறந்ததும், கல்யாணமானதும், அப்பா செத்ததும் அந்த வரிசை வீடுகளில்தான். சாவியை வாங்கிக்கொண்டவர் சிரித்த முகமாகக் கைகொடுத்தாராம். அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அண்ணன் போடியில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தான். மலையை விட்டு இறங்குவதில்லை என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அந்த வெயிலில் தனக்கு மூச்சே விட முடியாது என்றாள். ரிசார்ட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன். வேறு இடம் பார்க்கும்வரை இருக்கட்டும், விருந்தாளிகள் நடமாடும் பக்கம் மட்டும் வர வேண்டாம் என்றார். வேறு இடம் என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கிறவரை இருக்கட்டும் என்று அம்மாவைக் கூட்டிவந்தேன்.

அது தை மாதம். பனியில் கருகிப் புல் மொத்தமும் வைக்கோல் நிறமாக நின்றது. அப்படித்தான் நிற்கும், மேலே காய்ந்தாலும் தூருக்குள் உயிர் இருக்கும். அதன் அழகே அதுதான் என்று அறுக்காமல் விடச் சொல்லியிருந்தார்கள். அம்மா அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இதை நான்தான் நட்டேன் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"புல்லை எவளாவது நட்டு வளப்பாளாட்டி? ஆரு காதுல பூ சுத்துத?"

நானும் அவளும் எப்போதும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டேதான் இருப்போம். நான் சத்தியம் செய்தேன், அதற்கும் சிரித்தாள். சிரித்துவிட்டு அவள் மனதில் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். இவ்வளவு பெரிய தோட்டத்துக்கு மகள் ஒருத்திதான், பாவம், களை மண்டிவிட்டது, சொல்ல வெட்கப்பட்டுச் சமாளிக்கிறாள், துரைமார் பார்த்தால் வேலை போய்விடும். இதை அவளே பிறகு சொன்னாள்.

ஒருநாள் உரம் ஏற்றிவர விடிவதற்கு முன்பே ஜீப்பில் மூணாறுக்குப் போனேன். திரும்பி வரும்போது பாதையோரச் சரிவு மண் நிறத்தில் கிடந்தது. ஒரு குத்து இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த முறைப்படி, கச்சிதமாக எடுத்திருந்தாள். எஸ்டேட் பழக்கத்தில், மண் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு வேரையும் தட்டி உதறியிருந்தாள். மழைக்குத் திரும்பப் பிடித்துவிடாமல் இருக்க வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, வெயிலில் வரிசையாக அடுக்கியிருந்தாள். எஸ்டேட்டாக இருந்தால் அன்றைக்குப் பேர் வாங்கியிருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எப்படித் தப்புவது என்பதுதான் ஓடியது. மேனேஜர் வந்து நின்றார். பன்றி வேரை வரிசையாக அடுக்காது என்று தெரிந்தும், ராத்திரி காட்டுப்பன்றி புகுந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவரும் பாதி நம்பியதுபோல்தான் தலையாட்டினார். அதற்குள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அறையிலிருந்து வந்துவிட்டாள்.

"நாந்தான் சார் எடுத்தேன். பிள்ள ஒத்தையா எம்புட்டுதான் பாப்பா? ஒரு வேர் நிக்காது சார், பாத்துக்கிடுங்க."

சரியான நேரத்தில் அவள் வாய் திறந்ததற்காக அன்றைக்கு முழுவதும் அவள் மேல்தான் எரிந்து விழுந்தேன். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மரியாதையாக, மலையாளத்தில், அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். புல் முழுவதையும் இன்றைக்கே திரும்ப நட வேண்டும். அம்மா இன்றைக்கே போக வேண்டும். இந்த மலையில் வாழ்நாள் முழுவதும் இருந்தவளுக்கு மலையாளம் புரியாதா? அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

புல்லின் தலையை அறுத்துவிட்டு, வேரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழி தோண்டி நட்டேன். வெயில் படாமல் நிழல் வலை கட்டச் சொன்னார்கள். ராத்திரிப் பனிக்கு ஈரச்சாக்கு கூடாது, உலர்ந்த சாக்கு போடு என்று கொச்சிக்காரர் போனில் சொன்னார். மேனேஜர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நானும் நட உட்காரட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஜீப் வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். புல்லுக்கு வலை கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோடு நானும் கிளம்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிளம்பி? அண்ணனின் மாமனார் வீட்டு மாடியில் இன்னொரு பாயா விரிப்பது? அறையும் சம்பளமும் இங்கே இருக்கிறது, அதனால் இருக்கிறேன். தினமும் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விடும்போது அதைக் காலால் எத்த வேண்டும்போல் இருக்கும். எத்தியதில்லை.

போடியிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பாள். அண்ணன் வேறு மாதிரி சொன்னான்: பகலெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து நிழலில் படுத்தே கிடக்கிறாளாம், பாதிச் சோற்றை வைத்துவிடுகிறாளாம். ஆனால் ஒவ்வொரு முறையும் புல் என்னவாயிற்று என்று கேட்க மட்டும் மறக்க மாட்டாள். செய்த தப்பு உறுத்துகிறது போலும் என்று நினைத்து, பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை இறங்கி, தூரெல்லாம் பச்சை விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டதும், எல்லாம் பிடித்துவிட்டது, இனி ஒன்றும் கவலையில்லை என்று சொன்னேன்.

"ஒண்ணுகூடச் சாகலையா?"

"சாகலம்மா."

அவள் குரலில் அப்படி ஒரு தெளிச்சி. அவள் இங்கிருந்து போன பிறகு அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"அப்ப நான் வந்துரலாம்லட்டி?"

இல்லம்மா, அது வேற, என்றேன்.

"எது வேற?" என்று கேட்டாள்.