பட்டம் வாங்கிப் போனவர்களின் நல்லது கெட்டது

ஊரார் வீட்டு நல்லது கெட்டதை எழுதுகிறவனுக்குக் கல்யாணச் சாப்பாடும் கிடைக்காது, கருமாதிச் சாப்பாடும் கிடைக்காது. திட்டு மட்டும் இரண்டு வீட்டிலிருந்தும் வரும்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்களுடையது சின்னப் பல்கலைக்கழகம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டிறங்கி, பல்கலைக்கழக வாசலிலேயே நின்றுகொண்டு அதற்கு வழி கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே நான் குமாஸ்தா. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, பழைய மாணவர் சங்கத்தின் செய்தி மடல் என் தலையில் விழுந்தது. யாருக்கு வேலை, யாருக்குக் கல்யாணம், யார் காலமானார் என்றெல்லாம் ஸ்டென்சிலில் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றிப் பிரதி எடுத்து, தபாலில் சேர்க்க வேண்டும். சங்கம், மன்றம் என்று எதற்காவது செயலாளராக இருந்து சீரழிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விடாமுயற்சி

வாலாஜாபாத்தில் மாமனாரின் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த வரதன், பல வருஷமாக விட்டுப்போயிருந்த இங்கிலீஷ் பேப்பரை ஒருவழியாகப் பாஸ் பண்ணிவிட்டார். கேட்டதும் எனக்கே சந்தோஷம். 'விடாமுயற்சிக்கு வெற்றி! வரதன் பி.ஏ. பட்டம் பெற்றார்' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, மில் விலாசத்துக்கே அனுப்பினேன்.

மறுவாரம் ஆள் நேரில் வந்தார். ஸ்வீட் கொண்டு வந்திருப்பார் என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இன்னா சார், இப்டி பேஜார் பண்ணிட்ட! மாமனார் வூட்ல நான் கல்யாணத்துக்கு முன்னாடியே பாஸ் சார்!"

இரங்கல்

தாமலில் எங்கள் பழைய மாணவர்களில் இரண்டு ஏகாம்பரம். காலமானவர் ஒருவர், நான் இரங்கல் எழுதியது இன்னொருவருக்கு. அதுவும் சும்மாவா? பண்பாளர், பரோபகாரி, பகைவரையும் அணைத்தவர் என்று அடுக்கியிருந்தேன். நிஜத்தில் அந்த ஏகாம்பரம் கூடப் படித்த பாதிப் பேரோடு சண்டை போட்டுவிட்டு, பேச்சே இல்லாமல் இருந்தவர்.

விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி மன்னிப்புக் கேட்கப் போனேன். அடிதான் விழும் என்று நினைத்தேன். மனுஷர் சாவகாசமாக நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் ரோஜா மாலைகள் குவிந்து கிடந்தன. முகத்திலேயே முழிக்காதவர்களெல்லாம் மாலையும் கையுமாக வந்து, உயிரோடு பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அடுத்த மடலில் திருத்தம் போட்டுவிடுகிறேன் என்றேன். இட்லியை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கையமர்த்தினார்.

"அவசரப்படாத சார். செங்கல்பட்டு கோஷ்டி இன்னும் வரல."

குரூப் போட்டோ

புள்ளலூர் காலனியிலிருந்து எங்களிடம் படிக்க வந்த முதல் பெண் எஸ்தர். அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. சர்க்கார் பரீட்சை எழுதி, எஸ்தர் சார்பதிவாளர் ஆகிவிட்டாள். நிலம் வாங்குகிறவரும் விற்கிறவரும் அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாக வேண்டிய உத்தியோகம். எங்கள் சங்கத் தலைவரோ அவள் பெற்றோர் வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரர். எஸ்தர் சேதியைக் கடைசிப் பக்கத்தில், தன் மகன் கல்யாணத்துக்குக் கீழே போடச் சொன்னார். போட்டேன். குமாஸ்தா வேறென்ன செய்வான்?

அந்த வருஷச் சந்திப்பில் குரூப் போட்டோவுக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். எஸ்தர் நேராக வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏம்மா, பொம்பளைங்க பின்னால நிக்கறதுதான் இங்க வயக்கம்" என்றார் தலைவர்.

"ஆபீஸ்ல எல்லாரும் எம்முன்னால நிக்கறாங்களா, ஒக்காந்தே பயகிப்போச்சிங்க ஐயா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. தலைவர் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் மற்றவர்கள் மிச்ச நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார் போட்டோக்காரர்.

"வெளிச்சம் போவுது தலைவரே, பின்னால போயி நில்லுங்க. ஒசரமாத்தான கீறீங்க, மூஞ்சி தெரியும்!"

மஸ்கட்

மஸ்கட்டுக்குப் போன கோவிந்தன் மாதம் தவறாமல் மடலுக்கு எழுதுவான். புது வேலை, புது ரூம், ரூமில் ஏ.சி. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவன் அம்மா முனியம்மா, மடலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார். பக்கத்து வீட்டு வாத்தியார் படித்துச் சொன்னாராம். "ஒனக்கு இவ்ளோ எயுதறான், வூட்டுக்கு ஒரு வரி எயுதல. ஆத்தா உசுரோட கீறா, செவல மாடு கன்னு போட்ச்சின்னு இதுலயே போடு சார்" என்றார்.

போட்டேன். டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவருக்கும் டில்லியில் பிரமோஷன் வாங்கிய ஒருவருக்கும் நடுவில்: 'கோவிந்தனின் தாயார் நலம். செவலைப் பசு கன்று ஈன்றது.' டாக்டர் பட்டக்காரர் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டே விலகினார்.

கொஞ்ச நாளில் முனியம்மா மறுபடி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஏர்மெயில் கவர். இந்தத் தடவை காகிதம் அவர் பேருக்கு வந்திருந்தது. பிரித்துப் படித்தேன். இருந்ததே ஒரு வரி: 'கன்னு கிடேரியா, காளையா?' முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"கன்னைக் கேக்கறானே, பெத்தவளைக் கேக்கறானா பாரு! இன்னொரு தபா படி சார்."

பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்று பல்கலைக்கழகங்கள் நினைக்கின்றன. அதற்குப் பிறகுதான் அது குடும்பத்தோடு திரும்பி வருகிறது.