அம்மாவின் பகல் சாப்பாடு

எனக்குப் பசித்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். யார் வந்தாலும் தட்டை மறைக்க மாட்டேன். வீட்டில் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்தப் பழக்கத்துக்கு வந்து சேர எனக்குப் பல வருஷம் ஆனது. அறுபதுகளில், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது ரம்ஜான் வந்தது. வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த என்னை நோன்பு வைக்க வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். பகலில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. அப்படியே என் அம்மா உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவுக்கு வயிற்றில் புண். ஐம்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் சரக்குப் பிரிக்கிற வேலையில் இருந்தார். வயிற்றை வெறுமனே விடவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பால்சோறாவது உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ரம்ஜான் பிறந்ததும் அத்தா பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜரத்திடம் போய்க் கேட்டார். நோயாளி தாராளமாகச் சாப்பிடலாம், விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சோறு போட்டால் போதும் என்று ஹஜரத் சொல்லிவிட்டார்.

“அல்லாவே விட்டுட்டான். நீ ஏன் புடிச்சுக்கிட்டுத் தொங்குற?” என்றார் அத்தா.

அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் தெரு முழுக்க அடுப்பணைந்து கிடக்கிற பகலில் அவளால் விழுங்க முடியவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு வடித்த சோற்றில் பாலை ஊற்றிக்கொண்டு, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கிண்ணம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். சொந்த வீட்டில் சொந்தச் சோற்றைத் திருடித் தின்றாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். “அப்பு, நீ கூட உக்காந்து தின்னு. நீ தின்னாத்தான் அவளும் திம்பா” என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு எட்டு வயசு. அந்த வருஷம் நோன்பு வைக்கத் துடித்துக்கொண்டிருந்தேன். கூட விளையாடுகிற பிள்ளைகள் காய்ந்த உதட்டைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிய, நான் மட்டும் மத்தியானத்தில் அம்மா முன்னால் வாயைத் திறந்தேன். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். யாராவது எட்டிப் பார்த்தால், “புள்ளைக்கு ஊட்டுறேன்” என்பாள். “இம்புட்டுப் பெரிய புள்ளைக்கா?” என்று பக்கத்து வீட்டம்மா ஒருநாள் சிரித்தார். எனக்கு மானம் போனது. ஆனாலும் அம்மா விழுங்குகிறாளா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு இருபத்தேழாம் நோன்புதான் முதல் நோன்பு. முந்தின நாள் அம்மாவே பேச்சை எடுத்தாள்.

“நாளைக்கு நீ வையி. என்னால ஒன் நோன்பு போச்சுன்னு இருக்க வேணாம்.”

“நீ சாப்புடுவியா?”

“சாப்புடுறேன்னு சொல்றேன்ல. போய்ப் படு.”

மறுநாள் எனக்குப் புதுப் பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் நான் துவண்டுபோய் அவள் மடியில் படுத்துக் கிடந்தேன். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. கேட்டதற்கு, “நீ செத்த நேரம் கண் அசந்தப்ப சாப்புட்டேன்” என்றாள். நம்பிவிட்டேன்.

சாயங்காலம் அத்தா பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்தார். பாங்கு சொன்னதும் அம்மா என் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள். என்னோடு சேர்ந்து நோன்பு திறக்கிற துஆவை முணுமுணுத்துவிட்டுத் தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அத்தா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“என்ன காரியம் பண்ணுன?”

“புள்ளைகூட ஒரு நாளுதாங்க.”

அத்தா அவள் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினார். அம்மா கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வடையைக் கஞ்சியில் நனைத்து நனைத்துத் தின்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். பக்கத்து வீட்டம்மா எதற்கோ வந்தபோது வாய் நிறையச் சாப்பாட்டோடு, “வாங்க, உக்காருங்க” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அம்மா ரத்தவாந்தி எடுத்து, மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு நாளால் வந்ததென்று சொல்ல முடியாது, புண் ஏற்கெனவே முற்றியிருந்தது என்றார் டாக்டர். அத்தா அதை ஏற்கவேயில்லை. அன்று மத்தியானம் ஒரு நடை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாமே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நாளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட மற்ற நாட்களுக்காகத்தான் அம்மா மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன். அவள் பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு வேளைதான். அதற்கு அவள் பகல் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.