ஆமி என்ற ஒரு சொல்

லண்டன் செவன் கிங்ஸில் பல் கிளினிக் நடத்துகிறேன். முன்பு என்னிடம் உதவியாளராக இருந்த சுகந்தி, போன மாதம் ஒரு படிவத்துடன் வந்தாள்.

“என்ர மனுசன் ஆமியில, டொக்டர். அவரோட சைப்ரஸ் முகாமில இருந்ததில என்ர பல் உதவியாளர் பதிவு காலாவதியாகிட்டுது. திரும்ப எடுக்க உங்கட கையெழுத்து வேணும்.”

ஆமி என்றதும் யாழ்ப்பாணத்தில் இலங்கை ராணுவத்தின் சோதனைச்சாவடிதான் கண்முன் வந்தது. “இப்ப ஏலாது” என்று எழுந்து போய்விட்டேன். அவள் சொன்னது பிரித்தானிய ராணுவத்தை என்பது காரில் ஏறிய பிறகே உறைத்தது. அகதியாக வந்த எனக்கு, ஒரு மாதமே பழகிய வெள்ளைக்கார டொக்டர் என் பதிவுக்காகத் தயங்காமல் இதே மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டவர்.

கூனிக்குறுகி, தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை டொக்டர். இவர் யூனிபோமோட வந்தால் என்ர அம்மாவும் எழும்பி உள்ள போயிடுவா.”

மறுநாளே அவள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்திட்டேன். இப்போது யார் தாளை நீட்டினாலும், வாசித்து முடிக்கும்வரை கதிரையை விட்டு எழுவதில்லை.